கந்தகப் பனி

யுத்தம் தொடங்கிய மறுவருஷம். எல்ல என்ற ஊருக்குப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் இருந்தோம். வரிசை வீடுகளான எங்கள் லயத்தில் வேட்டிக்கு நீலம் போடத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். சங்குப்பூவைக் கசக்கி அந்தச் சாற்றில் கடைசி அலசல் அலசுவேன். என் வீட்டுக்காரர் இராமையா அதைக் கட்டிக்கொண்டு நடந்தால் ஊரே பார்க்கும். பக்கத்து லயத்து வேலாயியும் பார்த்தாள். அதுதான் எனக்கு வயிற்றெரிச்சல்.

அவருக்கு அப்போது தனி வேலை. காய்ச்சல் வந்து காலியான பழைய லயம் மேட்டில் கிடந்தது. விடிகாலையில் அதற்குள் கந்தகம் புகைத்துச் சுத்தம் செய்யவேண்டும். வேறு யாருக்கும் அங்கே வேலை கிடையாது. ஒருநாள் வேட்டியெல்லாம் சிவப்புப் புள்ளியோடு வந்து நின்றார். வேலாயி ஓயாமல் வெற்றிலை போடுகிறவள், சிரித்தால் தெறிக்கும். எனக்கு வேறென்ன தோன்றும்?

மறுநாள் காலைப் பெரட்டில், வேலைக்குப் பேர் கொடுக்க எல்லோரும் வரிசையாக நின்றபோது வேட்டியை விரித்துக் காட்டிவிட்டேன்.

"பாருங்க, இந்தச் சிறுக்கி வாயிலேருந்து தெறிச்சதுதான்!"

"மாரியாத்தா சத்தியமா இல்லக்கா" என்று வேலாயி அழுதாள்.

அங்கே நின்ற டிஸ்பென்சரி ஐயா சிதம்பரநாதன் வேட்டியை வாங்கினார். எலுமிச்சை ஒன்று கொண்டுவரச் சொல்லி, நீலமாக இருந்த மூலையில் ஒரு சொட்டுப் பிழிந்தார். எல்லோர் கண்ணெதிரிலும் நீலம் சிவந்தது.

"புளிப்புப் பட்டா இந்தப் பூச்சாயம் இப்படித்தாம்மா ஆகும். கந்தகப் புகை கதவிடுக்கு வழியா வெளிய வருது. வெளிய பனிமூட்டம். மூட்டம்னா என்ன, காத்துல மிதக்கிற பொடிப்பொடித் தண்ணிதானே? அது புகையைக் குடிச்சுப் புளிச்சுப்போவுது. அதுதான் துணியில ஒட்டியிருக்கு. அந்த லயத்து வாசல்ல நின்னாத்தான் இப்படி வரும். கீழ இறங்குறதுக்குள்ள எல்லாம் கலைஞ்சிடும்."

எனக்கு மானம் போயிற்று. சாயங்காலம் வேலாயி வீட்டுக்குப் போய், நான் நீலம் போட்டு வைத்திருந்த புதுத் தலைத்துண்டை அவள் கையில் கொடுத்து மன்னிப்புக் கேட்டேன். அவள் என்னைக் கட்டிக்கொண்டாள். வீட்டுக்காரருக்குக் கருவாட்டுக் குழம்பு வைத்தேன். பல நாளைக்குப் பிறகு நன்றாகத் தூங்கினேன்.

ஐந்தாம் நாள் வேலாயி பெரட்டுக்குப் பிந்தி, மூச்சிரைக்க ஓடிவந்தாள். தலையில் நான் கொடுத்த துண்டு. அவசரத்தில் அதன் நிறம் மாறியிருந்ததை அவள் கவனிக்கவில்லை. துண்டு முழுக்கச் சிவப்புப் புள்ளி.

"என்னக்கா, அப்படிப் பாக்குறீங்க?" என்றாள்.

நான் மேட்டு லயத்தின் பக்கம் திரும்பிப் பார்த்தேன். பெரட்டு முழுக்க அந்தத் துண்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது.