ஆயிரம் மீட்டருக்கு மேலே

அந்த வாரம் முழுக்க மழை. வந்தோம் போனோம் என்கிற மழை இல்லை, வானத்திலிருந்து தரைவரை கயிறு கயிறாக இறங்கிக்கொண்டே இருக்கிற மழை. சால்ஸ்பர்க் பக்கத்து ஆட்கள் அதைக் கயிற்று மழை என்றுதான் சொல்வார்கள். சொல்லிவிட்டுத் தோளைக் குலுக்கிக்கொண்டு அவரவர் வேலையைப் பார்க்கப் போய்விடுவார்கள். மாட்டிக்கொள்வது சுற்றிப் பார்க்க வந்தவர்கள்தானே!

ரோஸ்விதா மாட்டிக்கொண்டதாக ஒப்புக்கொள்ளவே இல்லை. குடும்பமாக ஏரியைப் பார்க்கப் போனார்கள், ஏரி தெரியவில்லை. பல்சக்கர ரயிலேறி மலையுச்சிக்குப் போனார்கள், அங்கே மேகம் வெள்ளையடித்த சுவர் மாதிரி நின்றது. "சரி, இதையும் பாத்தாச்சு. அடுத்தது எங்க?" என்றாள். உப்புச் சுரங்கத்துக்குள் மட்டும்தான் கொஞ்சம் காய்ந்தார்கள். ஊரில் பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டுகிறவள் அவள். முன்கண்ணாடியில் மழை அடித்தால் வண்டியைத் திருப்பிவிடுகிற பழக்கம் அவளுக்குக் கிடையாது.

அவள் கணவன் வென்ட்செல், மகள் யுடித்தின் தலைக்குக் குடையைப் பிடித்துவிட்டுத் தான் நனைந்துகொண்டே வருவான். பேக்கரியில் மாவு பிசைகிறவன். வியன்னாவுக்கு வடக்கே, மேடு என்று சொல்லிக்கொள்ள ஒரு ரயில்வே பாலம் மட்டுமே உள்ள சமவெளி ஊர் அவர்களுடையது.

கல்யாணமான நாளிலிருந்து அவர்கள் ஒரு விடுமுறையைக்கூட முழுசாக முடித்ததில்லை. கடற்கரைக்குப் போனால் கால் நனைவதற்குள் முதலாளி ஹாக்கிங்கரின் போன் வந்துவிடும். அடுப்பு மக்கர் பண்ணுகிறது, ஆள் வரவில்லை, ஆர்டர் கூடிப்போச்சு. "சரிங்க முதலாளி" என்று இவன் பெட்டியைக் கட்டுவான். இந்தத் தடவை கிளம்பும்போதே ரோஸ்விதா வாசலில் நின்று சொல்லிவிட்டாள்.

"அந்தாளு கூப்பிட்டா நீ தாராளமா போ. நானும் யுடித்தும் வரமாட்டோம். அதுக்கப்புறம் உனக்காக நான் காத்துக்கிட்டும் இருக்க மாட்டேன், சொல்லிட்டேன்."

கத்திச் சொல்லவில்லை. கார்ச் சாவியைத் தேடிக்கொண்டே சொன்னாள். அதனால்தான் இது வெறும் மிரட்டல் இல்லை என்று வென்ட்செலுக்குப் புரிந்தது.

இதில் கொடுமை என்னவென்றால், அந்த முதலாளிக்கு இதே ஏரிக்கரையில்தான் கோடைவீடு. "அருமையான இடம், போய்ட்டு வா" என்று அவர் சொன்னார் என்பதற்காக வென்ட்செல் இங்கேயே அறை பிடித்திருந்தான். புலிக்குப் பயந்தவன் போய்ப் புலியிடமே முகவரி கேட்டிருக்கிறான், எங்கே போய்ச் சொல்வது இந்த வயிற்றெரிச்சலை!

அன்றைக்கு மலைமேல் உள்ள விடுதிக்கு நடந்துபோய்ச் சாப்பிடுவதென்று திட்டம். மறுநாள் பனிக்குகை. பதினொரு வயது யுடித் ஆறு மாதமாக அந்தக் குகையைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தாள். பாதிவழியில், ஒரு வளைவில் மரப்பலகை நட்டிருந்தது. ஆயிரம் மீட்டர் உயரம். அந்த மலைப்பக்க வழக்கப்படி, அதற்கு மேலே யாரும் யாருக்கும் 'நீங்க' இல்லை, எல்லாரும் 'நீ'தான். மந்திரி ஏறினாலும் நீ, பாதிரியார் ஏறினாலும் நீ. கீழே இறங்கி அந்தப் பலகையைத் தாண்டிவிட்டால் அவரவர் மரியாதை அவரவருக்கு. மேலே பேசியதைக் கீழே யாரும் மனதில் வைத்துக்கொள்ளக் கூடாது என்பதும் அந்த வழக்கத்தில் சேர்த்தி.

விடுதிக் கதவைத் திறந்ததுமே ரோஸ்விதாவுக்குச் சுருக்கென்றது. ஓடு பதித்த கணப்பு அடுப்பின் பக்கத்தில், உலர்ந்த சட்டையோடு, மனைவி கெர்லிண்டேயையும் வைத்துக்கொண்டு ஹாக்கிங்கர் சூப் குடித்துக்கொண்டிருந்தார். அடுத்த மேசையில் இருந்த மாணவர்கள் அவரைப் பெயர் சொல்லியே, "எக்பெர்ட், அந்த உப்பை இப்படித் தள்ளு" என்றார்கள். அவரும் ஆனந்தமாகத் தள்ளிவிட்டார்.

வென்ட்செல் தொப்பியைக் கழற்றினான். "வணக்கம் முதலாளி. நீங்க எப்ப வந்தீங்க?"

அவ்வளவுதான், கூடமே கொல்லென்று சிரித்தது. விடுதி நடத்துகிற புர்கி, கை இரண்டும் இடுப்பில், சமையலறையிலிருந்து வந்தாள். "யாருப்பா அது, என் வீட்ல மரியாதை பேசறது?" என்று சுவரில் தொங்கிய பெரிய மாட்டு மணியை எடுத்து அவன் கழுத்தில் மாட்டிவிட்டாள். அடுத்து யாராவது வாய்தவறி 'நீங்க' என்கிறவரை அவன்தான் சுமக்க வேண்டும். மாணவர்கள் மேசையைத் தட்டினார்கள். மாட்டிக்கொண்டவனும் சேர்ந்து சிரிக்கிற விளையாட்டுதான் அது. வென்ட்செலும் சிரித்தான், ஆனால் காது சிவந்துவிட்டது. யுடித் சிரிக்கவில்லை.

சீஸ் கொழுக்கட்டை மிதக்கும் சூப் வந்தது. ஹாக்கிங்கர் தன் நாற்காலியை இழுத்துக்கொண்டு இவர்கள் மேசைக்கே வந்துவிட்டார்.

"நல்லவேளை, உன்னையே தேடி வரணும்னு இருந்தேன். நம்ம கடைக் கரோலி கையை ஒடச்சுக்கிட்டான்பா. மாதா திருநாள் வருது, கோயில் விழாவுக்கு ஊர்ப்பட்ட ஆர்டர். இன்னிக்கு சாயங்கால ரயில்ல நீ போயிடு. என் கார்லயே ஸ்டேஷன்ல விட்டுடறேன்."

வென்ட்செல் கரண்டியைக் கீழே வைத்தான். "நாளைக்குக் குழந்தைய பனிக்குகைக்கு..."

"இந்த மழைல என்னத்தப் பாக்கப் போற? வேஸ்ட்டு!"

"குகைக்குள்ள மழை பெய்யாது," என்றாள் யுடித்.

ஹாக்கிங்கர் அவள் கன்னத்தைத் தட்டிவிட்டு வென்ட்செலையே பார்த்தார். ரோஸ்விதாவும் அவனையே பார்த்தாள். சொல்லேன், மனுஷா. ஒரே ஒரு வார்த்தை.

"வாயில என்ன கொழுக்கட்டையா?" என்றாள்.

"ஆமாம்மா, நெஜமாவே கொழுக்கட்டைதான்," என்றாள் யுடித். யாரும் சிரிக்கவில்லை.

வென்ட்செல் மென்று விழுங்கினான். பிறகு பூம்பூம் மாடு மாதிரி தலையை ஆட்டினான். கழுத்து மணி டங்கென்றது.

ரோஸ்விதாவுக்கு உச்சந்தலைவரை ஏறிவிட்டது. மேசையில் இரண்டு கையையும் ஊன்றி எழுந்தாள்.

"எக்பெர்ட், உனக்கு மாவு பிசையத் தெரியுமா?"

"எனக்கா?" ஹாக்கிங்கர் நெஞ்சைத் தட்டிக்கொண்டார். "எங்கப்பா கத்துக் குடுத்தது. உன் புருஷனுக்கே நான்தானே சொல்லிக்குடுத்தேன்!"

"கை ரெண்டும் நல்லாத்தானே இருக்கு?"

"இருக்கு. ஏன்?"

"அப்ப நீ போ. நீ இங்க சூப் குடிப்ப, அவன் போய் உன் கடைக்கு மாவு பிசையணுமா? வருஷா வருஷம் எங்க லீவை நீதான் திங்கற. இன்னும் பசி அடங்கலையா உனக்கு?"

 கெர்லிண்டே சூப்புக்குள் இருமினாள், சிரிப்பை மறைக்கிற இருமல் அது. மலைமேல் கோபித்துக்கொண்டால் கேலிக்கு ஆளாக வேண்டும், அதனால் ஹாக்கிங்கர் எல்லாரையும்விடப் பெரிதாகச் சிரித்தார்.

"உன் பொண்டாட்டி பயங்கரமான ஆளுடா! சரி சரி, மேல பேசினது மேலயே போச்சு. கீழ போய்ப் பேசிக்கலாம். வா, சேர்ந்தே இறங்குவோம்."

இறங்கினார்கள். சேறு வழுக்கியது. ஹாக்கிங்கர் முன்னால், கெர்லிண்டே அவர் பின்னால், கடைசியில் இவர்கள் மூவரும். மழைக்கோட்டுக்குள்ளிருந்து எட்டு வைக்கும்போதெல்லாம் டங் டங் என்று சத்தம் வந்துகொண்டே இருந்தது. மணியைக் கழற்றிக் கொடுக்கவே வென்ட்செல் மறந்துவிட்டிருந்தான். ரோஸ்விதாவும் நினைவுபடுத்தவில்லை. மனதுக்குள் அறை வாடகையையும் தனியாக வண்டியோட்டிக்கொண்டு ஊர் திரும்பும் வழியையும் யோசித்துக்கொண்டு நடந்தாள். அழுகை வந்தது. மழை வசதியாக இருந்தது.

பலகை வந்தது. ஹாக்கிங்கர் அதைத் தாண்டி நின்று கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். துடைத்த முகத்தில் அந்தச் சிரிப்பு இல்லை.

"அப்பறம் என்னப்பா? பெட்டிய எடுத்துக்கிட்டுக் கெளம்பலாமா?"

வென்ட்செல் பலகைக்கு மேலேயே நின்றிருக்கலாம். அங்கிருந்து என்ன சொன்னாலும் வழக்கம் அவனைக் காப்பாற்றியிருக்கும். ஆனால் அவன் இறங்கி, பலகையைத் தாண்டி, முதலாளிக்கு நேரெதிரே வந்து நின்றான்.

"நான் வரல, எக்பெர்ட்."

ஹாக்கிங்கர் பலகையைக் காட்டினார். "தாண்டியாச்சு, பாத்தியா?"

"பாத்துட்டுதான் தாண்டினேன்."

"என்னடா, பொண்டாட்டி சொல்லிக்குடுத்ததா?"

"அவ சொல்ல வேண்டியத மேலயே சொல்லிட்டா. இது நான் சொல்றது. நாளைக்குக் குகைக்குப் போறோம். அதுக்கடுத்த நாள் மழைல எங்கயாவது போவோம். லீவு முடிஞ்சு திங்கக்கிழமை வருவேன்."

"திங்கக்கிழமை உனக்கு அங்க வேலை இருக்கும்னு யார் சொன்னா?"

 வென்ட்செல் தன் மூக்கு நுனியில் தொங்கிய மழைத்துளியைத் துடைத்துக்கொண்டான்.

"இல்லன்னா வேற எடம் பாத்துக்கறேன். விடியறதுக்கு முன்னாடி எழுந்து மாவுல கை வைக்கறவன் எங்க கெடைக்கறான்? அது என்னைவிட உனக்கு நல்லாத் தெரியும்."

முதலாளி ஈரக் கைக்குட்டையைப் பிழிந்தார். அப்போதுதான் வென்ட்செல் கழுத்தைத் தொட்டுப் பார்த்தான்.

"அடடா, மணி! புர்கி தேடுவா." மகளைப் பார்த்தான். "திரும்ப ஏறணும் போலிருக்கே. கால் வலிக்குதா?"

"இல்லவே இல்ல!" என்ற யுடித் அதற்குள் பத்தடி மேலே போயிருந்தாள்.

ரோஸ்விதா குடையை அவன் கையிலிருந்து வாங்கி, முதல்முறையாக அவன் தலைக்கு மேல் பிடித்தாள். மூவரும் பலகையைக் கடந்து மேலே ஏறினார்கள்.

"வென்ட்செல்!" கீழிருந்து கூப்பிட்ட குரலில் முதலாளித்தனம் பாதிதான் மிச்சமிருந்தது. "அப்ப மாவ யாருடா பிசையறது?"

வென்ட்செல் திரும்பிப் பார்த்தான்.

"நீதான், எக்பெர்ட்."

மணி டங்கென்று ஆடியது. மழை விட்டபாடில்லை, அவர்கள் ஏறிக்கொண்டிருந்தார்கள்.