குழாயில் வந்த வரக்காப்பி

மூன்றரை வயசுப் பிள்ளையிடம் போய், "காறித் துப்பு தாயி" என்று கேட்டுப் பாருங்கள். துப்பும். தரையில் துப்பும், நம் மேலேயே துப்பும், துப்பிவிட்டுச் சிரிக்கும். நெஞ்சிலிருந்து வரவேண்டிய சளியை மட்டும் சத்தமில்லாமல் விழுங்கிவிடும். கொடைக்கானலில் ஒரு சின்ன மிஷன் ஆஸ்பத்திரியில் பதினேழு வருசமாக நர்ஸாக இருக்கும் கித்தேரியம்மாளுக்கு இது பழகிப்போன கூத்து.

எழுபத்தெட்டாம் வருசம், மழை விட்ட சமயம். பூம்பாறையிலிருந்து வடிவு தன் மகள் கண்மணியைப் போர்வையில் சுற்றித் தூக்கிக்கொண்டு வந்தாள். இரண்டு மாதமாக இருமல், சாயங்காலமானால் காய்ச்சல். பிள்ளை குச்சியாக இருந்தது. டாக்டர் பரமானந்தம் நெஞ்சைப் படம் எடுத்துப் பார்த்தார். வலது பக்கம் ஒரு நிழல். காசநோயாகவும் இருக்கலாம், வெறும் சளிக்கட்டாகவும் இருக்கலாம்.

கையில் ஒரு ஊசி போட்டு, மூன்றாம் நாள் அந்த இடத்துத் தடிப்பை ஸ்கேல் வைத்து அளந்தால் ஓரளவு துப்புக் கிடைக்கும். ஆனால் வடிவு பூண்டு விளையும் ஊர்க்காரி. அவளுக்குப் பூச்சி கடித்தாலும் பூண்டு, பல் வலித்தாலும் பூண்டு. ஊசி போட்ட இடம் தடித்ததும் நாலு பல்லை நசுக்கி வைத்துக் கட்டிவிட்டாள். அளக்கப் போனால் தடிப்பு எங்கே? ஒரு கொப்புளம்தான் பளபளவென்று நின்றது.

டாக்டர் ஸ்கேலைப் பைக்குள் போட்டுக்கொண்டு அடுத்த கேள்விக்குப் போனார்.

"வீட்ல யாருக்காச்சும் நாள்பட்ட இருமல் இருக்காம்மா?"

"ஒருத்தருக்கும் இல்லீங்க. எங்க ஊரு சாமி வேலப்பர் மேல சத்தியம்."

காசநோய் என்றால் ஒன்றரை வருச மருந்து, அதில் இரண்டு மாதம் தினமும் ஊசி. குத்துமதிப்பாக ஆரம்பிக்க டாக்டருக்கு மனசில்லை. கித்தேரியம்மாளுக்கோ சும்மா இருக்க மனசில்லை. போன வருசம் இப்படித்தான் ஒரு பையனை இருமல் மருந்து கொடுத்து அனுப்பினார்கள். ஒரு மாதம் கழித்து வலிப்போடு வந்தான். நோய் மூளைக்கு ஏறியிருந்தது. பிழைக்கவில்லை. அவன் சட்டையில் ஒரு பித்தான் மட்டும் வேறு நிறம் என்பது வரை அவளுக்கு ஞாபகம் இருக்கிறது. இன்னொரு பிள்ளையைத் தவறவிட்டால் தன்னைத் தானே மன்னிக்க முடியாது என்று அவளுக்குத் தெரியும்.

மிச்சமிருந்தது ஒரே வழி. தூக்கத்தில் விழுங்கிய சளி விடியும்போது வயிற்றில்தான் கிடக்கும். பிள்ளை எழுந்து நடமாடும் முன்னால், வெறும் வயிற்றில், மூக்கு வழியாக மெல்லிய குழாயை விட்டு அதை உறிஞ்சி எடுத்துப் பரிசோதிக்க வேண்டும். பிள்ளையை வார்டில் சேர்த்து மூன்று நாள் எடுக்க வேண்டும்.

முதல் நாள் காலை ஆறு மணிக்குக் கித்தேரியம்மாள் எடுத்தாள். குழாயில் பழுப்புத் தண்ணீர் வந்தது. மோந்து பார்த்தாள். கருப்பட்டியும் சுக்கும் கமகமத்தன.

"ஏத்தா வடிவு! பச்சத்தண்ணிகூடக் குடுக்கக்கூடாதுன்னு எத்தன தடவ சொன்னேன்? வரக்காப்பி குடுத்திருக்கியே!"

"நான் குடுக்கலீங்க நர்ஸம்மா. நான் தூங்கிட்டுல்ல இருந்தேன்!"

இரண்டாம் நாள் பத்து நிமிசம் முன்னதாகவே வந்தாள். அன்றும் வரக்காப்பிதான், சுக்கு கொஞ்சம் தூக்கலாக. வடிவு மறுபடியும் வேலப்பரைக் கூப்பிட்டாள். கண்மணி வாயைத் துடைத்துக்கொண்டு கூரையைப் பார்த்தது. கள்ளக் கழுதை.

மூன்றாம் நாள் ஐந்து மணிக்கே வந்து, கட்டிலுக்குப் பக்கத்து மறைப்புத் துணிக்குப் பின்னால் ஸ்டூல் போட்டு உட்கார்ந்துகொண்டாள் கித்தேரியம்மாள். அரை மணி நேரம் போயிற்று. முதலில் ஒரு இருமல் வந்தது. ஆள் பின்னால்தான் வந்தான்.

குரங்குக் குல்லாய், கழுத்தில் மப்ளர், கையில் பிளாஸ்க். கண்மணி படுத்தபடியே வாயைத் திறந்து தயாராக இருந்தது.

"வெரசா குடி தங்கம். அந்தப் பூதம் வர்றதுக்குள்ள."

"பூதம் வந்தாச்சு!" என்று துணியை விலக்கிப் பிளாஸ்கைப் பிடுங்கினாள் கித்தேரியம்மாள். "யாருய்யா நீ?"

"தாய்மாமன்ங்க. பொன்னுவேல். பஸ்ஸ்டாண்டுல டீக்கடை. இந்தக் குளுருல புள்ள வெறும் வயித்தோட கெடக்குன்னு தங்கச்சி சொல்லுச்சு. மனசு கேக்கலீங்க. வாட்ச்மேனுக்கும் ஒரு கிளாஸ் ஊத்தினேன், கதவத் தொறந்துட்டாரு."

சொல்லி முடிப்பதற்குள் மூன்று தடவை முகத்தைத் திருப்பி மப்ளருக்குள் இருமினான். திட்டுவதற்குத் திறந்த வாயை அவள் மூடிக்கொண்டாள்.

"இது எத்தன நாளா?"

"இதுவா? அடுப்புப் புகைங்க. தைக்கு முன்னாலருந்து இருக்கு."

சத்தத்தில் விழித்துக்கொண்ட வடிவின் பக்கம் திரும்பினாள். "வீட்ல யாரும் இருமலன்னியே?"

"அண்ணன் வீட்ல இல்லையே! கடையிலல்ல இருக்கு." வடிவு கண்ணைக் கசக்கினாள். "பூண்டு எடுப்பு நடந்த ரெண்டு மாசமும் புள்ளைய அங்கதான் விட்டிருந்தேன். அண்ணன் மடிய விட்டு எறங்கவே எறங்காது."

அன்று குழாயில் காப்பி இல்லை. சுத்தமாக வந்தது, ஆனால் கண்ணாடிச் சில்லில் தடவி மைக்ராஸ்கோப்பில் பார்த்தபோது கிருமியும் தென்படவில்லை. பொன்னுவேல் துப்பிக் கொடுத்த சளியில் கூட்டம் கூட்டமாக இருந்தது.

"மடியில வச்சிருந்த ஆளுக்கே இருக்கு, படத்துல நிழலும் இருக்கு. இதுக்கு மேல எதுக்குக் காத்திருக்கணும்? இன்னைக்கே ஆரம்பிங்க, சிஸ்டர்" என்றார் டாக்டர். கித்தேரியம்மாள் சிலுவை போட்டுக்கொண்டாள். அவ்வளவு நிம்மதி.

பொன்னுவேலிடம் சொல்வதுதான் கஷ்டமாக இருந்தது. வராந்தாப் படியில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டவன், குல்லாயைக் கழற்றி முகத்தைப் பொத்திக்கொண்டான்.

"நானாங்க குடுத்தேன்? என் புள்ளைக்கு நானாங்க?"

"தெரிஞ்சா குடுத்தீக? நீங்க அந்தக் காப்பியத் தூக்கிக்கிட்டு வரலைன்னா, இன்னமும் நாங்க இருட்டுல தடவிக்கிட்டு இருந்திருப்போம்" என்றாள். நிஜமாகவே நினைத்துத்தான் சொன்னாள். "கடையப் பூட்டுங்க. நீங்களும் மருந்து தின்னணும். நான் சொல்ற வரைக்கும் புள்ள கிட்ட வரக்கூடாது."

கண்மணி மாத்திரையைத் தொட மாட்டேன் என்று பிடிவாதம் பிடித்தது. சர்க்கரையில் கொடுத்தாலும் துப்பியது. இப்போது மட்டும் துப்பத் தெரிந்தது அதற்கு!

மருந்து ஆரம்பித்த நாலாம் நாள் காலை ஜன்னல் கண்ணாடிக்கு வெளியே, ரோஜாச் செடிக்கு அந்தப் பக்கம், மப்ளரை இறுக்கிக் கட்டிக்கொண்டு பொன்னுவேல் வந்து நின்றான். தன் மாத்திரையை உயர்த்திக் காட்டினான். பிறகு மப்ளரை இறக்கி, வாயில் போட்டுத் தண்ணீர் குடித்து, காலி வாயைத் திறந்து காட்டினான். கண்மணி கொஞ்ச நேரம் யோசித்தது. கித்தேரியம்மாளின் கையிலிருந்த மாத்திரையை எடுத்து விழுங்கிவிட்டு, கண்ணாடியில் முகத்தை அப்பிக்கொண்டு அதுவும் வாயைத் திறந்து காட்டியது.

மறுநாளிலிருந்து கித்தேரியம்மாள் இரண்டு பேர் மாத்திரையையும் ஒரே நேரத்துக்கு வைத்துவிட்டாள். மாத்திரை உள்ளே போனதும் இரண்டு பேருக்கும் வரக்காப்பி போட, கருப்பட்டியும் சுக்கும் அவளே வாங்கி வந்தாள்.