சோடியில் ஒன்று மட்டும் மினுங்கியபோது

...பூமரங்களுக்குத் தண்ணீர் ஊற்றச் சொல்லித்தானே பக்கத்து வீட்டுச் சுசீலா வீட்டுத் திறப்பைத் தந்தவள், சாடியை மினுக்கச் சொல்லவில்லையே என்று விக்ரோரியாவுக்கு இப்போதுதான் உறைத்தது, சுசீலாவும் புருஷன் இராசரத்தினமும் ஹ்விடோவ்ரேயில் புதுவீட்டுக் குடிபூரலை முடித்துக்கொண்டு ஹொல்ஸ்டெப்ரோவுக்குக் கிட்ட வந்துவிட்டோம் என்று போனில் சொன்ன பிறகு உறைத்து என்ன... ஆனால் யார்தான் சும்மா இருப்பார்கள், ஜப்பான் வெண்கலமாம், நூறு வருஷத்துக்கு மேலாம், ஏலத்தில் எடுத்ததாம், இராசரத்தினம் ஊரெல்லாம் சொல்லித் திரிந்த சோடிச் சாடிகள் பார்த்தால் அடிப்பிடித்த தாச்சி போலக் கறுப்பு, அந்தக் கறுப்புக்குள் பொன்னிலும் வெள்ளியிலும் பதித்த கொக்குகள், செம்பில் இரண்டு நாணல். கோயில் பெருநாளுக்கு மெழுகுதிரித் தண்டுகளை இருபது வருஷமாகப் புளி போட்டு மினுக்கும் கை, கறுத்த வெண்கலத்தைக் கண்டால் அடங்குமா? தண்ணீர் ஊற்றும் வாளியைத் தேடுகிற சாக்கில் நாலு லாச்சியை இழுத்துத் திறந்து பார்த்தபோதே அடங்காத கை அது. வீட்டுக்கு ஓடிப்போய்ப் புளி எடுத்துவந்து ஒன்றைத் தேய்த்தாள், பளபளவென்று வந்தது, ஓல்போர்க்கில் இருக்கும் மகள் கிளோறியாவுக்குப் படமும் அனுப்பினாள், அந்தப் பெருமை வேறு... கிளோறியா டெனிஷில் கத்தினாள், அது அழுக்கில்லையாம், கைதேர்ந்தவர்கள் பக்குவம் பார்த்து வேண்டுமென்றே ஏற்றிய நிறமாம். உண்மைதானே, பொன் கொக்குகள் இப்போது மஞ்சளுக்குள் மஞ்சளாய்க் கரைந்துபோய், வெள்ளிக் கொக்கு ஒன்று மட்டும் கோபித்துக்கொண்டு தனியே நிற்கிறது.

டெனிஷ்காரரைப் போலத் திரையில்லாத ஜன்னலில் வேறு சுசீலா சோடியை வைத்திருக்கிறாள், தெருவில் போகிற நாய்க்கும் வித்தியாசம் தெரியும்... மற்றதையும் தேய்த்துவிட்டால் சோடி சேர்ந்துவிடாதா? உருண்டைப் புளி கையிலேயே இருக்கிறது, ஐந்து நிமிஷ வேலை, பிறகு இரண்டும் முதலே இப்படித்தான் இருந்தது என்று... தேவமாதாவே, என்ன புத்தி இது, என்று அவள் நினைத்து முடிக்கவில்லை, வாசலில் கார்க் கதவு அடித்தது. இராசரத்தினம் பெட்டிகளை இறக்கிக்கொண்டிருக்க, சுசீலா முதலில் உள்ளே வந்தாள், ஜன்னலைப் பார்த்தாள், பார்த்தபடியே நின்றாள்.

"நான்தான் சுசீலா. கோயில் தண்டு மாதிரி நினைச்சு மினுக்கிப்போட்டன்."

சுசீலாவின் வாய்க்கடையில் சிரிப்பு ஒன்று எட்டிப் பார்த்தது. "அவருக்கு நான் சொல்லிக்கொள்ளுறன் அக்கா. எனக்கும் அந்தக் கறுப்பைக் கண்டாக் கை துருதுருக்கிறதுதான். எதாலை, உங்கட ஓட்ஸ் பெட்டிக்குப் பின்னாலை இருக்கிற அந்தப் பழம்புளியாலையோ?"

"ஓம் ஓம், அதாலைதான்," என்றாள் விக்ரோரியா, நெஞ்சிலிருந்து பெரிய பாரம் இறங்கியது, இவளல்லவோ சிநேகிதி, நாளைக்கே றோல்ஸ் பொரித்துக் கொடுக்கவேண்டும் என்று முற்றத்தைத் தாண்டித் தன் வாசல்வரை வந்துவிட்டாள், பூட்டில் திறப்பைக்கூடப் போட்டுவிட்டாள்... ஓட்ஸ் பெட்டிக்குப் பின்னாலா? புளி அங்கே இருப்பது கிளோறியாவுக்கே தெரியாதே. போன வருஷக் கோடையில் மன்னாருக்குப் போயிருந்தபோது பூமரத்துக்குத் தண்ணீர் ஊற்றச் சொல்லி விக்ரோரியாதானே சுசீலாவிடம் திறப்பைக் கொடுத்தாள், பூமரம் என்ன குசினி அலுமாரிக்குள்ளா நிற்கிறது? புளியை அறிந்தவள் புளிக்குப் பின்னால் ஒளித்துவைத்திருக்கும் சொக்கிலேற் பெட்டியை அறியாமலா இருப்பாள், சீனியை அடியோடு விட்டுவிட்டேன் என்று விக்ரோரியா ஹொல்ஸ்டெப்ரோ முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறாளே... அப்படியென்றால், போன நத்தாருக்குச் சுசீலா எல்லாரையும் தாண்டி வந்து கேக் தட்டை முதலில் இவளிடம் நீட்டி, அதே வாய்க்கடைச் சிரிப்போடு, "சும்மா எடுங்கோ அக்கா" என்றது...