பட்டினிப் பாத்தி

பல்கலைக்கழக வேளாண் ஆராய்ச்சி நிலையத்தின் வடகோடியில் இருந்த அந்தப் பாத்திக்கு அறுபது ஆண்டுகளுக்கும் மேலாக ஒரு பிடி எருகூடப் போட்டதில்லை. விளைச்சல் பொய்த்து ஊரே வயிற்றுக்குத் திண்டாடிய காலத்தில், ஒன்றுக்கும் உதவாது என்று எல்லோரும் கைகழுவிய கட்டாந்தரையில் தொடங்கிய நிலையம் அது. முதலில் வந்த பேராசிரியர் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: எதுவுமே கொடுக்காமல் எடுத்துக்கொண்டே இருந்தால் மண் எத்தனை காலம் தாங்கும்? அவர் போய்ச் சேர்ந்தார். அவருக்குப் பின் வந்தவர்களும் போய்ச் சேர்ந்தார்கள். மண் மட்டும் இன்னும் பதில் சொல்லிக்கொண்டிருந்தது. பக்கத்துப் பாத்திகளில் ஆள் உயரத்துக்கு மேல் நிற்கும் மக்காச்சோளம் இங்கே இடுப்பைத் தாண்டாது. மற்றவற்றுக்குப் போட்ட உரம் எவ்வளவு வேலை செய்தது என்று சொல்ல இந்தப் பஞ்சைப் பயிரைத்தான் பக்கத்தில் வைத்துப் பார்ப்பார்கள்.

கடைசியாக அதைக் கட்டிக் காத்தவர் நிலையத்தின் மண்ணியல்காரர். காத்தார் என்றால் சாதாரணமாக இல்லை. நாய் உள்ளே நுழைந்தால் குச்சியோடு ஓடுவார். அது ஒரு காலைத் தூக்கிவிட்டால் தழைச்சத்து ஏறிவிடுமே! துணைவேந்தரே வந்தாலும் செருப்பைத் தட்டச் சொல்லிவிட்டுத்தான் வரப்பில் ஏற்றுவார். மகள் சிறுவயதில் ஆரஞ்சுத் தோலை அதில் எறிந்தபோது இரண்டு நாள் அவளுக்கு முகம் கொடுத்துப் பேசவில்லை.

"இது என் தங்கச்சியாப்பா?" என்று வளர்ந்த பிறகு அவள் கிண்டல் செய்வாள்.

"அக்கா. உனக்கு முன்னாடியே வந்தவ" என்பார்.

அவர் இறந்த அடுத்த வாரமே அவர் மனைவி வேலைக்கு வந்துவிட்டாள். அவள்தான் நிலையத்தின் தலைவி. வீட்டில் அவருடைய சாம்பல் வைத்த பானை அலமாரியில் இருந்தது. அதை எங்கே சேர்ப்பது என்று தாயும் மகளும் இன்னும் பேசவில்லை. பேச்சை எடுக்கும் தெம்பு இருவருக்கும் இல்லை.

மதியத்துக்கு மேல் வாட்ச்மேன் மூச்சிரைக்க அவள் அறைக்கு வந்தார்.

"மேடம், கோவிச்சுக்காதீங்க. பாப்பா வந்துச்சு. நம்ம பாப்பாதானேன்னு கேட்டத் திறந்து விட்டேன். வடக்குப் பாத்தியில ஐயாவ..."

"ஐயாவ என்ன?"

"தூவிடுச்சு மேடம்."

அவள் ஓடினாள். ஓடும்போது புருஷன் முகம் அவள் கண்ணில் வரவில்லை. சாம்பலோடு மண்ணில் ஏறும் மணிச்சத்து, சாம்பல்சத்து, சுண்ணாம்பு என்றுதான் மனசு எண்ணியது. சே, என்ன பெண் நான் என்று தன்னையே திட்டிக்கொண்டு ஓடினாள்.

மகள் வரப்பில் காலிப் பானையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். உழுது போட்ட பாத்தியின் ஒரு பக்கம் முழுக்க வெளுப்பாக இருந்தது. மேற்கே வானம் கறுத்துக்கொண்டு வந்தது.

"அப்பாவுக்குப் பிடிச்ச இடம்மா" என்றாள் மகள்.

"தெரியும். எந்திரி. மழைக்கு முன்னாடி வழிச்சு எடுக்கணும். கரைஞ்சு கீழ இறங்கிட்டா ஒண்ணும் செய்ய முடியாது."

"எதை எடுக்கணும்? அப்பாவையா?"

தாய் கொட்டகையிலிருந்து மண்கரண்டியும் சாக்கும் கொண்டுவந்து மண்டியிட்டாள். மகள் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"வேணாம்மா. விட்டுடு."

"அவர் இருந்தா என்ன செய்வார்னு உனக்கே தெரியும்."

"அவர் இருந்தா நான் எதுக்கும்மா இங்க வந்து கொட்டப் போறேன்?"

தாய் கையை விடுவித்துக்கொண்டு வழிக்கத் தொடங்கினாள். இரண்டு விரல் ஆழம். மண்ணும் அவரும் ஒன்றாகச் சாக்கில் விழுந்தார்கள். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்ற மகள், அம்மாவின் முதுகு குலுங்குவதைக் கண்டதும் இன்னொரு கரண்டியை எடுத்து வந்து எதிரே உட்கார்ந்தாள்.

"இதை வேற எங்கம்மா போடறது?"

தாய் நிமிர்ந்து சுற்றிப் பார்த்தாள். இந்தப் பக்கம் தொழுவுரச் சோதனை, அந்தப் பக்கம் விதைச் சோதனை, அதற்கும் அப்பால் தண்ணீர்ச் சோதனை. முடி நரைக்க நரைக்க உழைத்த மனுஷனுக்கு அந்த நிலையம் முழுக்க ஒரு கையகல இடம் சும்மா கிடக்கவில்லை.

"வீட்டுக்கே கொண்டு போவோம்" என்றாள்.

கிழக்கு மூலை மிச்சமிருக்கும்போதே மழை பிடித்துக்கொண்டது. மகள் அவசரமாக அந்த மூலைக்கு நகர்ந்தாள். இன்னும் நாலைந்து கரண்டி வழித்தால் முடிந்துவிடும். தாய் அவள் கரண்டியைப் பிடித்து நிறுத்தினாள்.

"போதும். அது இருக்கட்டும்."

"சோதனை கெட்டுடாதா?"

"அந்த மூலைய இனிமே கணக்குல சேர்த்துக்க மாட்டேன். என்ன நடந்துச்சுன்னு பல்கலைக்கழகத்துக்கு நானே சொல்லிக்கறேன்."

வெளுப்பு கரைந்து மண்ணுக்குள் இறங்குவதை இருவரும் நனைந்தபடியே பார்த்தார்கள். ஒரு மூலை போனால் பாத்தியே போன மாதிரி என்று அவர் குதித்திருப்பார். வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் சண்டை போட்டிருப்பார். சாப்பிடும்போதும் விட்டிருக்க மாட்டார். தாய் வரப்பிலேயே கொஞ்ச நேரம் நின்றாள். யாரும் சண்டைக்கு வரவில்லை. அப்போதுதான், அவர் போனபின் முதல்முறையாக, அவள் வாய்விட்டு அழுதாள்.