புதுப் பெட்டியில் பழைய காயில்

1

இந்தக் கதையை நான் யோசித்துக் கண்டுபிடிக்கவில்லை. ஆரணியில் ஒரு ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் கிடைத்தது. என் ஸ்கூட்டருக்கு இண்டிகேட்டர் பல்பு வாங்கப் போயிருந்தேன். எனக்கு முன்னால் நின்ற பெரியவர் பழைய கார் ஒன்றுக்கு இக்னிஷன் காயில் வாங்கினார். பிளக்குகளுக்குத் தீப்பொறி தருகிற சாமான் அது. டம்ளர் அளவு இருக்கும். காயிலை மட்டும் எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு, அது வந்த அட்டைப்பெட்டியைக் கடைக்காரரிடமே நீட்டினார்.

"இத்த நீங்களே கிழிச்சுப் போட்டுடுங்க."

"பொட்டியோட வெச்சா தூசு படாதுங்களே?"

"வேணாங்க. கிழிங்க. நான் பாத்துட்டுப் போறேன்."

கடைக்காரர் கிழித்தார். பெரியவர் நின்று பார்த்துவிட்டுப் போனார். எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். இதற்கு மேல் வருவதெல்லாம் என் கைச்சரக்கு. [பெயரும் நான் வைத்ததுதான். சாவிக்கொத்தில் சின்னச் சிலுவை ஒன்று தொங்கியது. அந்த ஒரு தடயத்தை வைத்து அவரை அமல்ராஜ் ஆக்கிவிட்டேன். நிஜத்தில் அவர் வேறு யாராகவும் இருக்கலாம். கோபித்துக்கொள்ளமாட்டார் என்று நம்புகிறேன்.]

2

முதலில் எழுதிய தொடக்கம்:

"பயணம் என்பது மனிதன் தன் பயங்களை மூட்டை கட்டுகிற கலை. அந்த விடியற்காலையில் அமல்ராஜின் மனதுக்குள்—"

இதை எழுதியவனை எனக்கே பிடிக்கவில்லை. இரண்டாவது:

"சேவூரில் எல்லா வீட்டிலும் தறிச்சத்தம் கேட்க, ஒரு வீட்டில் மட்டும்—"

இதுவும் வேண்டாம். ஆரணிப் பக்கத்துக் கதை என்றதும் தறியைப் பிடித்து நடுவில் இழுத்துப் போட்டுவிடுகிறோம். தறி பக்கத்து வீட்டில் ஓடட்டும், அதற்கு அங்கே வேலை இருக்கிறது. மூன்றாவதாக ஒரு வரி எழுதினேன். அதை வைத்துக்கொள்கிறேன்.

3

அமல்ராஜ் டிக்கியைத் திறந்தார்.*

மறுநாள் காலை தேசூர் போகவேண்டும். மனைவி பாக்கியமேரியின் அக்கா செசிலி இறந்து ஒரு வருஷம், நினைவுப் பூசை. சேத்துப்பட்டு வழியாகப் போனால் பெரிய தூரமில்லை. ஆனாலும் காஷ்மீருக்குக் கிளம்புகிறவரைப்போல அவர் சாமான் எடுத்து வைத்துக்கொண்டிருந்தார். ஃபேன் பெல்ட், பிளக்குகள், பாயிண்ட் செட், கண்டென்சர், ரேடியேட்டர் ஹோஸ், ஜாக்கி, ஸ்பேனர்கள், ஒரு கேன் தண்ணீர், கட்டுக்கம்பி, இன்சுலேஷன் டேப். துணி துவைக்கிற பார் சோப்பில் பாதித் துண்டு; பெட்ரோல் டேங்க் ஒழுகினால் அதைத் தேய்த்து அடைக்கலாம். சக்கரத்துக்கு அண்டை கொடுக்க ஒரு மரக்கட்டை.

எதுவும் அட்டைப்பெட்டியில் இல்லை. புதுச் சாமானானாலும் முதலில் காரில் மாட்டுகிறார். ஆரணி வரை ஓட்டிப் பார்க்கிறார். திரும்பி வந்து அதைக் கழற்றி, பழையதை அதன் இடத்திலேயே மாட்டி, ஓடிக் காட்டியதைத் துணியில் சுற்றி டிக்கியில் வைக்கிறார். கொஞ்ச நாளாகவே இதுதான் வேலை. பள்ளிக்கூட ஆபீஸில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர், நேரத்துக்குப் பஞ்சமில்லை.

பாக்கியமேரி வாசற்படியில் பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள்.

"இன்னிக்கு எதுங்க மாட்டிப் பாத்தீங்க?"

"கண்டென்சர். ஓடுச்சு. நல்லாவே ஓடுச்சு."

"நான் காலையில பஸ்ல போறேங்க."

துணி சுற்றிக்கொண்டிருந்த கை நின்றது. "ஏன் மேரி? எல்லாத்தையும் செக் பண்ணிட்டேன். காயிலு புதுசு, அதையும் ஓட்டிப் பாத்தாச்சு. போன வாட்டி மாதிரி ஆவாது."

"தெரியுது."

"தெரிஞ்சா அப்புறம் என்ன?"

அவள் பூண்டுத் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

* கார் எந்தக் கம்பெனி என்று எழுதப்போவதில்லை. அந்தக் கார் வைத்திருப்பவர்கள் எங்கள் வண்டியை எப்படிச் சொல்லலாம் என்று சண்டைக்கு வருவார்கள். வெள்ளை நிறம், எண்பத்தெட்டில் வந்த வண்டி. உங்கள் சித்தப்பாவிடம் இருந்த காரை நினைத்துக்கொள்ளுங்கள்.

4

போன வருஷம் நடந்ததை நான் இப்படி எழுதியிருந்தேன்:

செசிலி இறந்த செய்தி வந்ததும் இருவரும் காரில் கிளம்பினார்கள். சேத்துப்பட்டைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் வண்டி நின்றது. அமல்ராஜ் பானட்டைத் தூக்கிப் பார்த்து, காயில் போய்விட்டது என்று கண்டுபிடித்தார். அவருக்குக் கவலை இல்லை. டிக்கியில் புதுக் காயில் பெட்டியோடு இருந்தது. மாட்டினார். வண்டி கிளம்பியது. கொஞ்ச தூரம் ஓடி, சூடானதும் மறுபடி நின்றது.

காயில் புதுசு, அதனால் கோளாறு வேறு எங்கோ என்று அவர் முடிவு கட்டினார். பாயிண்டைக் கழற்றினார். கண்டென்சரை மாற்றினார். பெட்ரோல் குழாயை ஊதினார். வண்டி கொஞ்சம் ஆறினதும் கிளம்பும். ஆசை காட்டிவிட்டு நிற்கும். கடைசியில் பஸ் பிடித்துப் போய்ச் சேர்ந்தபோது கல்லறைத் தோட்டத்தில் குழி பாதி மூடியிருந்தது. அடுத்த ஊரில் பூசை இருந்ததால் சாமியாரால் அதற்கு மேல் காத்திருக்க முடியவில்லை. பாக்கியமேரி அக்காவின் முகத்தைப் பார்க்கவில்லை. மண் மட்டும் போட்டாள்.

அந்தப் பெட்டிக்குள் இருந்தது அதற்கு முன்பு பழுதாகிக் கழற்றிய காயில். புதியதைக் காரில் மாட்டிவிட்டு, எதற்காவது ஆகும் என்று பழையதை மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்து, புதியதன் பிளாஸ்டிக் உறையிலேயே போட்டு, புதியதன் பெட்டியிலேயே வைத்து மூடியிருக்கிறார். பிறகு மறந்துவிட்டார். அழுக்கோடு எறிந்திருந்தால் பிரச்சினை இல்லை. சுத்தமான மனிதர், சுத்தமாகச் செய்துவிட்டார்.

இங்கே நான் பேனாவை மூடினேன். கதை முடிந்துவிட்டது, முடிவு வரி மட்டும் பாக்கி என்று நினைத்துக்கொண்டேன்.

5

என் மனைவி லாவண்யா படித்தாள். அவள் கதைகளைப் பாராட்டுகிற வழக்கம் இல்லை. தோசைக்கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டே கேட்டாள்.

"சாவு வூட்டுக்குப் போற ரோட்டுல ஒருத்தர்கூடவா தெரிஞ்சவங்க வரல?"

"வந்தாங்க. அக்காவோட மருமகன், டேனின்னு. சேத்துப்பட்டுல மாலை வாங்கிகினு பைக்ல வந்தான். அப்புறமா அத்த வெட்டிட்டேன். கதைக்குத் தேவைப்படல."

"பின்னாடி சீட்டு காலியா?"

"காலிதான்."

"அப்போ அந்தம்மா ஏன் ஏறல?"

நான் தாளைத் திருப்பி அந்த இடத்தைத் தேடினேன்.

"நீங்க மறந்தீங்களா, அவரு மறக்கவெச்சாரா?" என்று கேட்டுவிட்டுத் தோசையைத் திருப்பப் போய்விட்டாள்.

அவள் சொன்னது சரி. நான் அமல்ராஜுக்குப் பக்கத்திலேயே நின்று, அவர் கண்ணால் மட்டும் பார்த்து எழுதியிருக்கிறேன். ஒரு வருஷமாக அவர் எதைச் சொல்லாமல் விட்டாரோ, அதை நானும் அழகாக விட்டுவிட்டேன். எனக்கு வெட்கமாக இருந்தது.

4 (திருத்தியது)

டேனி பைக்கை நிறுத்தினான். ஹேண்டில்பாரில் மாலைப் பை தொங்கியது.

"சின்னத்தே, ஏறிக்கோங்க. மூணு மணிக்குப் பொட்டிய மூடிடுவாங்களாம். மாமா பின்னாடி வரட்டும்."

பாக்கியமேரி காரிலிருந்து இறங்கிவிட்டிருந்தாள். ஒரு கை பைக் சீட்டின்மேல் இருந்தது. சேலைத் தலைப்பை இழுத்து இடுப்பில் செருகியும்விட்டாள். ஏறுவதற்கு முன் கணவரைத் திரும்பிப் பார்த்தாள்.

அமல்ராஜின் முகம் சிவந்திருந்தது. அவள் வீட்டு விசேஷம் எதற்குப் போனாலும் அந்தக் காரைப் பற்றி ஒரு பேச்சு வரும். காயலான் கடைக்குப் போட்டாச்சா மாமா என்று கேட்காத ஆள் இல்லை. இன்று மனைவி பைக்கில் போய் இறங்கினால், வண்டி நடுரோட்டில் நின்றது சாவு வீடு முழுக்கத் தெரிந்துவிடும்.

"அஞ்சு நிமிஷம்பா. காயிலு கையிலயே இருக்குது. மாட்டிகினு உன் பின்னாடியே வந்துடுவோம். நீ ஜல்தியா போ, மாலை வாடிப்பூடும்."

டேனி அவளைப் பார்த்தான். அவள் சீட்டிலிருந்து கையை எடுத்தாள்.

"நீ போப்பா. நாங்க வந்துடறோம்."

காரை நம்பி அவள் அப்படிச் சொல்லவில்லை. மருமகன் எதிரில் கணவர் தலை குனியக்கூடாது என்று சொன்னாள். அதற்காக அவள் கொடுத்தது அக்காவின் முகம். அமல்ராஜுக்கு இது தெரியும். அன்றிலிருந்து அவர் காயிலைப் பற்றிப் பேசுகிறார், அட்டைப்பெட்டியைப் பற்றிப் பேசுகிறார், இந்தக் காலத்துச் சாமானின் தரத்தைப் பற்றிப் பேசுகிறார். பைக்கைப் பற்றி மட்டும் பேசவே இல்லை.

பாக்கியமேரி ஒரு வருஷமாகக் காத்திருப்பது அந்த ஒரு பேச்சுக்குத்தான். டிக்கியில் இருக்கிற எதற்கும் அல்ல.

6

முடிவுகள். எழுதிப் பார்த்தவை.

(அ) எழுதுகிறவன் நான்தானே. அந்தப் பெட்டியில் நல்ல காயில் ஒன்றை வைத்துவிட்டால் போகிறது. ஒரே ஒரு வரி. வைத்தேன். வண்டி ஓடியது, நேரத்துக்குப் போய்விட்டார்கள், பாக்கியமேரி அக்காவின் கன்னத்தைத் தொட்டு அழுதாள். எழுதும்போது எனக்கும் கண் கலங்கியது. காலையில் எடுத்துப் படித்தால் மனசு ஆறவில்லை. நல்ல காயில் இருந்திருந்தாலும் அவர் அதே அஞ்சு நிமிஷத்தைத்தான் சொல்லியிருப்பார், அவளும் கையை எடுத்திருப்பாள். நான் வண்டியைச் சரி செய்தேனே தவிர அவரைச் சரி செய்யவில்லை.

(ஆ) நினைவுப் பூசைக்குப் போகும்போது வண்டி மறுபடியும் நிற்கிறது, மறுபடியும் ஒரு பைக் வருகிறது, இந்த முறை அவர்— வேண்டாம். ஒரே காரை ஒரே ரோட்டில் எத்தனை தடவை நிறுத்துவது? பாவம், அது ஒழுங்காக ஓடுகிற வண்டி.

(இ) அவள் பஸ்ஸில் போகிறாள். அவர் காலி சீட்டும் நிறைந்த டிக்கியுமாகப் பஸ்ஸின் பின்னாலேயே தேசூர் வரை ஓட்டிக்கொண்டு போகிறார். இது நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அதிலும் அவர் வாய் திறக்கவில்லை. படிக்கிற நாம் உச்சுக்கொட்டிவிட்டுப் போய்விடுவோம். அவள் மேலும் ஒரு வருஷம் காத்திருப்பாள்.

7

ஆகவே காலை. பாக்கியமேரி மாதா படத்துக்கு முன் நின்று சிலுவை போட்டுக்கொண்டு, கைப்பையோடு வெளியே வந்தாள். பஸ் நிறுத்தம் தெரு முனையில்தான். அமல்ராஜ் டிக்கி அருகில் நின்றார். எல்லாம் அதனதன் இடத்தில் இருந்தது. இனி எடுத்து வைக்க ஒன்றுமில்லை என்பதே அவருக்குப் பெரிய கஷ்டமாக இருந்தது.

அவர் வாயில் ஒரு வாக்கியத்தை வைக்க நானும் பாடுபட்டேன்.

"மேரி, அந்தக் காயில நான் அன்னிக்கே தூக்கி—" அடித்தேன்.

"மேரி, எனக்குத் தெரிஞ்சிருந்தா நான்—" அடித்தேன்.

"மேரி, டேனி வந்து நின்னப்ப நான்—"

இதை அடிக்கவில்லை. ஆனால் இதற்கு மேல் எழுதவும் முடியவில்லை. எழுத வராமல் இல்லை. ஐம்பது விதமாக எழுதலாம், ஒவ்வொன்றும் கேட்க நன்றாகவே இருக்கும். நான் எழுதிக் கொடுத்து அவர் ஒப்பித்தால் அவளுக்குத் தெரிந்துவிடும். முப்பது வருஷம் அவரோடு குடித்தனம் செய்தவள், எது அவர் பேச்சு எது என் பேச்சு என்று அவளுக்குத் தெரியாதா?

தெரு முனையில் டவுன் பஸ் ஹாரன் அடிக்கிறது. பாக்கியமேரி கேட்டுக்குப் பக்கத்தில் போய், போகாமல் நிற்கிறாள். திரும்பவில்லை. ஆனால் நிற்கிறாள்.

"பஸ் வந்துட்சுங்க," என்கிறாள்.

உங்களுக்கும் யாரிடமாவது இப்படி ஒன்று பாக்கி இருக்கும். இல்லை என்றால் இந்தக் கதையை இவ்வளவு தூரம் படித்திருக்கமாட்டீர்கள். அந்த வாக்கியத்தை என்னைவிட நீங்கள் நன்றாகவே சொல்வீர்கள். அலங்காரமெல்லாம் வேண்டாம், திக்கினாலும் பரவாயில்லை. கண்டக்டர் விசில் ஊதப்போகிறார். அவள் கேட்டைத் திறப்பதற்குள் சொல்லிவிடுங்கள்.