எட்டாவது ஹர்டில்

ஆரோக்கியசெல்விக்குத் தம்பியின் தடை தாண்டும் ஓட்டத்தைவிட அவன் தட்டிவிடும் ஹர்டில்கள்தான் அத்துப்படி. நாலு வருஷமாக மரக்காணத்துப் பள்ளி மைதானத்தில் சகாயராஜ் ஓடி முடித்த பிறகு சாய்ந்து கிடப்பதையெல்லாம் நிமிர்த்தி வைத்தவள் அவள்தான். தட்டியது முன்காலா பின்காலா என்று சத்தத்தை வைத்தே சொல்லிவிடுவாள். சொன்னால் அவனுக்குக் கோபம் வரும். அந்தச் சண்டையில் தோற்கக் கூடாது என்பதற்காகவே போட்டி விதிகளைப் போனில் இறக்கி, திண்டிவனம் காலேஜுக்குப் போகிற பஸ்ஸில் படித்துத் தீர்த்திருந்தாள்.

அந்தச் சகாயராஜ் இப்போது தாய்லாந்தில் இருந்தான். பதினெட்டு வயதுக்குட்பட்டவர்களுக்கான ஆசியப் போட்டி. நூற்றுப்பத்து மீட்டர், பத்து ஹர்டில். அன்றைக்கு அரையிறுதி. ஈசிஆர் ஓரத்தில் டீக்கடை வைத்திருக்கும் அப்பாதுரை, கடை டிவியில் நேரலையைப் போட்டிருந்தார். உப்பள வேலை முடிந்த பெண்கள், காலில் ஒட்டிய உப்போடு அப்படியே வந்து உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் நடுவில் அம்மா சவரியம்மாள் கண்ணை இறுக மூடி ஜெபமாலையை உருட்டிக்கொண்டிருந்தாள்.

"நான் பாக்க மாட்டேன். முடிஞ்சதும் சொல்லுங்க" என்றாள்.

செல்வி தன் போனைத் தூக்கி டிவியைப் படம்பிடிக்க ஆரம்பித்தாள். துப்பாக்கி வெடித்தது. நாலாவது லேனில் சகாயராஜ் ஏழு ஹர்டில் வரைக்கும் இரண்டாவதாக வந்தான். எட்டாவதில் அப்படியே போய் முட்டி, தடுமாறி, விழாமல் சமாளித்து நொண்டியபடி கோட்டைத் தொட்டான்.

பக்கத்திலிருந்த பெண் சவரியம்மாளின் தோளைத் தொட்டாள்.

"முடிஞ்சிதா?" என்று சவரியம்மாள் கண்ணைத் திறக்காமலே கேட்டாள். "எத்தினாவது?"

"எட்டாவதுக்கா" என்றார் அப்பாதுரை.

"மொத்தம் எத்தினி பேரு?"

"எட்டு பேருதான்."

செல்விக்கு மட்டும் ஏதோ இடித்தது. அவன் தட்டினால் முதலில் போவது வலது முட்டி. இப்போது முதலில் திரும்பியது இடது தோள். எடுத்த வீடியோவை மெதுவாக ஓட்டிப் பார்த்தாள். பக்கத்து லேன் பையன் கையை வீசியிருந்தான். அது தம்பியின் தோளில் அடித்திருந்தது. உடனே தம்பியோடு தாய்லாந்துக்குப் போயிருந்த கோச் ராஜவேலுக்குப் போன் போட்டாள்.

"சார், புகார் குடுங்க. ரிசல்ட் சொல்லி அரை மணி நேரம்தான் டைம்."

"அவனே தன் மேலதான் தப்புன்றான்மா. அழுதுகிட்டு உக்காந்திருக்கறான்."

"அவனுக்கு என்னா சார் தெரியும்? அவன் ஹர்டிலைப் பாத்துகிட்டு இருந்தான். வீடியோ அனுப்பறேன், தோளைப் பாருங்க."

வீடியோ போகவில்லை. வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. "எல்லாரும் வைஃபையை ஆஃப் பண்ணுங்க" என்று செல்வி எழுந்து நின்று சொன்னாள். அதே வைஃபையில் நேரலை ஓடிய டிவியையே அப்பாதுரை அணைத்தார். மூலையில் போனில் சீரியல் பார்த்துக்கொண்டிருந்த லாரி டிரைவர், "கல்யாண சீனும்மா" என்று இழுத்தார். சவரியம்மாள் கண்ணைத் திறந்து அவரை ஒரு பார்வை பார்த்தாள். கல்யாணம் நின்றது, வீடியோ போனது.

முக்கால் மணி நேரம் கழித்து ராஜவேல் கூப்பிட்டார். நடுவர்கள் தங்கள் கேமராவிலும் பார்த்து ஒத்துக்கொண்டார்களாம். சகாயராஜ் மறுபடி ஓடலாம், ஆனால் தனியாக. கடைசியாகத் தேறியவனின் நேரமான 13.92 நொடிக்குள் வந்தால் ஃபைனல்.

"தனியாவா?" என்றார் அப்பாதுரை. "அப்ப பர்ஸ்ட்டுதானே?"

"பர்ஸ்ட் வந்து என்னா மாமா பண்றது? டைம் வரணும்."

இந்த முறை சவரியம்மாள் ஜெபமாலையை மடியில் வைத்துவிட்டு டிவிக்கு நேராக வந்து உட்கார்ந்தாள். இடிப்பதற்கு வேறு ஆளில்லை என்றால் பார்க்கலாம் என்பது அவள் கணக்கு.

அத்தனை பெரிய மைதானத்தில் ஒரே ஒரு பையன். சகாயராஜ் இடதுபக்கம் பார்த்தான், வலதுபக்கம் பார்த்தான், காலி லேன்களைப் பார்த்துச் சிரித்துவிட்டான். போட்டியில் நிற்கும்போது அவன் சிரித்துச் செல்வி பார்த்ததே இல்லை. வழக்கமாக அந்த நேரத்தில் அவன் முகம் பல்வலிக்காரன் மாதிரி இருக்கும்.

ஓடினான். இரண்டாவது ஹர்டில் சாய்ந்தது, ஆறாவது சாய்ந்தது. எட்டாவதைத் தொடாமல் தாண்டியபோது பெண்கள் எழுந்து நின்றுவிட்டார்கள். திரையில் 13.89 என்று வந்தது.

"பர்ஸ்ட்டு" என்று சவரியம்மாள் எல்லாரிடமும் சொன்னாள். யாரும் மறுக்கவில்லை.

சாயங்காலம் சகாயராஜ் வீடியோ காலில் வந்தான். இடித்த பையன் தேடி வந்து மன்னிப்புக் கேட்டானாம். பாஷை புரியாமல் இரண்டு பேரும் கையைக் காலை ஆட்டிப் பேசி, கடைசியில் ஒரே தட்டில் நூடுல்ஸ் சாப்பிட்டார்களாம்.

"தோள்ல பட்டதே எனக்குத் தெரியலக்கா" என்றான்.

"தெரிஞ்சிருந்தா மட்டும் நீ கேட்டிருப்பியா?"

"கேட்டிருக்க மாட்டேன்" என்றான். செல்விக்கு அதற்கு மேல் சண்டை போட மனசு வரவில்லை. சாப்பிட்டுத் தூங்கச் சொன்னாள்.

மறுநாள் ஃபைனலில் அவனுக்காக ஒன்பதாவது லேனையும் திறந்தார்கள். ஆறாவதாக வந்தான், நேரம் 13.71. அதுவரை அவன் ஓடியதிலேயே வேகமான ஓட்டம் அது. டீக்கடையில் செல்வி நின்ற இடத்திலேயே குதித்ததில், பக்கத்திலிருந்த பிஸ்கட் பாட்டில் சாய்ந்தது. அப்பாதுரை அதை எட்டிப் பிடித்துவிட்டு, பெண்களுக்கெல்லாம் டீ போடப் போனார்.