பஸீலின் இரண்டு மணி நேரம்

பதுளைக் கடைத்தெருவில் தங்கராஜா நடத்திய மொத்த விற்பனைக் கடையின் கிடங்கு, அவருடைய தம்பி மகள் கௌசிகாவின் பொறுப்பில் ஒரே ஒரு வாரத்துக்கு விடப்பட்டிருந்தது. எவரும் இலவசமாக எடுத்துத் தம் தேவைக்கேற்பத் திருத்திக்கொள்ளக்கூடிய திறந்தமூல மென்பொருள் ஒன்றை அவள் கணினியில் ஏற்றியிருந்தாள். எந்த மூட்டை எந்த அடுக்கில் இருக்கிறது, லொறி எந்தத் தேயிலைத் தோட்டத்துக்கு எப்போது போகிறது என்பதையெல்லாம் அது சொல்லும். வாரம் முடிவதற்குள் ஒரு வாடிக்கையாளரை இழந்தாலும் பழைய கணக்குக் கொப்பிக்கே திரும்பிவிடுவதாகப் பெரியப்பா கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்.

முதல் நாளே கௌசிகா ஓர் ஓட்டையைக் கண்டுபிடித்தாள். நமுனுகுலப் பக்கம் போகும் லொறி, தோட்டத்தின் மேற்பிரிவுக்குப் போகும் சந்தியில் இரண்டு மணி நேரம் சும்மா நின்றது. சாரதி பஸீல் அங்கே தேநீர் குடித்துக்கொண்டிருப்பதாகக் கேள்வி. அந்த இரண்டு மணி நேரத்தை அவள் ஈவிரக்கமின்றி வெட்டினாள்.

செவ்வாய்க்கிழமை பதினொரு மணிக்கெல்லாம் லொறி திரும்பிவிட்டது. கௌசிகாவுக்குக் கால் தரையில் பாவவில்லை. நண்பகலில், மேற்பிரிவில் கடை வைத்திருக்கும் வடிவம்மா தொலைபேசியில் வந்தார். மாவு மூட்டைகள் சந்தியில் மழையில் நனைகின்றனவாம். இன்னொரு தடவை இப்படி நடந்தால் வேறு இடம் பார்த்துக்கொள்வாராம். பெரியப்பா கொப்பியை எடுத்துத் தூசி தட்டினார்.

கௌசிகா நேரே பஸீலிடம் போனாள்.

"ஏன் நானா, மூட்டைய அங்கயே எறக்கிப் போட்டுட்டு வந்தீங்க?"

"பதினொரு மணிக்குத் திரும்பணும்னு ஒங்க கடதாசியில இருந்துச்சே தங்கச்சி. மேல போற பாலம் லொறியத் தாங்காது. தோட்டத்து ட்ரக்டர் மத்தியானக் கொழுந்த பெக்டரியில போட்டுட்டு வெறுமனே திரும்பி வரும். அதுலதான் ஏத்தி விடுவேன்."

"அப்ப அந்த டீ?"

"ட்ரக்டர் வர்ற வரைக்கும் பட்டினியா நிக்கவா?"

முன்பே சொல்லியிருக்கலாமே என்று அவள் குறைப்பட்டாள்.

"நீங்க கம்பியூட்டரத்தானே கேட்டீங்க" என்றார் பஸீல்.

அந்த மென்பொருளை எழுதியவர்கள் எந்தச் சமவெளியில் வாழ்பவர்களோ, கொழுந்து நிறுக்கும் நேரத்தை அவர்கள் அறிய நியாயமில்லை. ஆனால், திருத்துவதற்குத் தடையும் இல்லை. மாலைக்குள் அவள் தோட்டத்து ட்ரக்டரைக் கடையின் இரண்டாவது வாகனமாகப் பதிந்தாள். ஒரு மணிக்குப் பின்னரே அது கிடைக்கும் என்று விதித்தாள். அது வந்தாலன்றிச் சந்தியில் ஒரு மூட்டையும் இறக்கக் கூடாது என்றும் சேர்த்தாள். மென்பொருள் உடனே வழியை மாற்றிப் போட்டது. காத்திருக்கும் நேரத்தில் ஸ்பிரிங்வெளிக் கடைகளை முடித்துவிடலாம். அவற்றுக்கு இதுவரை மறுநாள்தான் சரக்குப் போய்க்கொண்டிருந்தது. பஸீல் தாளை இருமுறை படித்தார். தேநீருக்குக் கால் மணி நேரமாவது ஒதுக்காவிட்டால் லொறிச் சாவியைத் தொடப்போவதில்லை என்றார். ஒதுக்கினாள்.

வெள்ளிக்கிழமை மழை பிய்த்துக்கொண்டு ஊற்றியது. ஒன்றேகால் மணிக்கு, ட்ரக்டரில் ஏற்றியாயிற்று என்று பஸீலின் கைபேசியிலிருந்து பதிவு வந்தது. அதன் பிறகு முக்கால் மணி நேரம் கௌசிகா எந்த வேலையும் செய்யவில்லை.

இரண்டு மணிக்கு வடிவம்மாவின் அழைப்பு வந்தது. பெரியப்பாவே எடுத்தார்.

"மாவு ஒரு சொட்டு நனையாம வந்துருச்சுங்க மொதலாளி. அடுத்த கெழமைக்கு இன்னும் நாலு மூட்ட சேத்துப் போடுங்க."

"அதெல்லாம் இனிமே எங்க கௌசிகாகிட்டச் சொல்லுங்கம்மா" என்று சொல்லி, பெரியப்பா தொலைபேசியை அவளிடம் நீட்டினார்.